முகப்படத்துக்குக் கலரா, கறுப்பு வெள்ளையா?

வன்னியில் ஆட்களைப் படமெடுக்கும் எனக்கு முதல் தெரிவு கலர்தான். முன்பு நான் அப்படி நினைக்கவில்லை.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு அம்மாவைத் திண்ணையில் இருத்தி எடுத்தேன். சுருக்கம் நிறைந்த முகம், பக்கவாட்டில் காலை வெயில். கறுப்பு வெள்ளைக்கென்றே அமைந்த முகம் என்று நினைத்து அப்படியே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். கையில் வாங்கியவர் கனநேரம் பேசவில்லை. பிறகு சுவரைக் காட்டினார். கணவரின் படம். 2009 இடப்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் போக, பழைய அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த கறுப்பு வெள்ளைப் படம்.

"அவர் அப்பிடி இருக்கிறார், சரி. நான் உயிரோடதானே தம்பி இருக்கிறன். எனக்குக் கலரில தாவன்."

நல்லகாலம், கமராவின் சென்சர் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ராவ் (RAW) கோப்பாக எடுத்திருந்தேன். கமராவில் மொனோகுரோம் (கறுப்பு வெள்ளை) போட்டிருந்தாலும் ராவ் கோப்பில் நிறம் முழுதாக இருக்கும். கமராவே முடித்துத் தரும் ஜேபெக் (JPEG) படம் மட்டும் என்றால் போனது போனதுதான். கலரில் திறந்து பார்த்தபோதுதான் என் பிழை தெரிந்தது. அரக்குச் சேலையும் பச்சைக் கரையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிக் கிடந்திருக்கின்றன. ஆசையாக உடுத்தி வந்த சேலை அது.

கறுப்பு வெள்ளையை நான் தேடிப்போவது வெளிச்சம் நிறத்தைக் கெடுக்கும்போது. நீலத் தறப்பாளின் கீழ் இருப்பவருக்கு முகத்தின் ஒரு பாதி நீலமாகும், மறுபாதியில் செம்மண்ணில் பட்டுத் தெறிக்கும் வெயில் செம்மஞ்சளாய் விழும். வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வைட் பலன்ஸில் ஒன்றைத் திருத்தினால் மற்றது இன்னும் கெடும். நிறத்தை எடுத்துவிட்டால் முகம் மட்டும் மிஞ்சும்.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது, செம்மஞ்சள் நிறம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியவேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் செம்மஞ்சள் ஸ்லைடரில் கவனம். எங்கள் தோல் நிறம் பெரும்பாலும் சிவப்புக்கும் செம்மஞ்சளுக்கும் இடையில்தான் இருக்கிறது, அந்த ஸ்லைடரை ஏற்றினால் முகம் வெளுக்கும். வடிவாக இருக்கும் என்று பலர் ஏற்றுகிறார்கள். வயலில் நின்று கறுத்த முகத்தை வெளுப்பாக்கினால் அது அவருடைய முகமே இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இப்போது எடுத்த கையோடு இரண்டு விதமாகவும் திரையில் காட்டிக் கேட்கிறேன். இளம் பொடியள் பலர் கறுப்பு வெள்ளை என்பார்கள். வயதானவர்களில் அதைக் கேட்டவர் இதுவரை ஒருவர்தான், முள்ளியவளையில் ஒரு ஐயா. சுவரில் இருக்கும் மனிசியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேணுமாம், இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்றார்.