கோத்தகிரி ஓடையில் கிடைத்த கல் டைனோசர் கால முதலையின் பல்லா?

தேயிலைத் தோட்டத்து ஓடையில் பல் போல ஒரு கல் கிடைத்தது, பழங்கால முதலையின் பல்லாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாய்ப்பே இல்லைங்க. நீலகிரியின் பெரும்பகுதி சார்னோகைட் பாறை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து இறுகியது. டைனோசர்கள் வந்ததே ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பல்லும் எலும்பும் புதைபடிவமாக, சேறும் மணலும் படிந்து இறுகிய பாறை வேண்டும். அதற்கு மலையிறங்கி அரியலூர் போகணும்.

ஆனால் பல்லைப் பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. மடகாஸ்கரில் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் சிமோசூக்கஸ் என்றொரு முதலை உறவினம் இருந்தது. நீளம் முக்கால் மீட்டர்தான். மூஞ்சி நீளாமல் மொட்டையாக இருக்கும். முதுகு மட்டுமல்ல, வயிறு, கால்களிலும் எலும்புக் கவசம். பற்களோ கிராம்பு வடிவம்! (கிராம்பு விளையும் பர்லியாறு பண்ணைப் பக்கம் போனவர்களுக்குச் சட்டென்று புரியும்.) கிழித்துத் தின்னும் பல் அல்ல, செடிகொடி மென்றிருக்கும் என்பதே பொதுவான கருத்து. அதைப் போன்ற பற்கள் அரியலூர் வட்டாரத்துக் கல்லமேடு படிவுகளிலும் கிடைத்திருக்கின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலங்கள் அல்லவா!

ஆப்பிரிக்காவின் சார்கோசூக்கஸ் போன்ற பிரம்மாண்டங்களும், துடுப்புக்கால் கொண்ட கடல் வகைகளும் இருந்தன. மாயாற்றங்கரையில் வெயில் காயும் முதலைக்கு இவை எதுவும் நேரடிப் பாட்டன் அல்ல, பங்காளிகள்தான்.

உங்கள் கல் வெள்ளையாகப் பளபளத்தால், அனேகமாக ஓடைநீர் தேய்த்த குவார்ட்ஸ்.