மகள் எடுத்த பிராஜெக்டை மாற்றச் சொல்லாதீர்கள்

உங்கள் மகள் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். கூடப் படிப்பவர்கள் ஆப், வெப்சைட் என்று பிராஜெக்ட் எடுக்கும்போது, இவள் மட்டும் லினக்ஸ் டிரைவரில் (இயங்குதளத்துக்கும் ஹார்டுவேருக்கும் நடுவே நின்று ஹார்டுவேரை இயக்கும் நிரல்) பிராசஸரின் மின்செலவையும் சூட்டையும் கட்டுப்படுத்தப் போகிறேன் என்கிறாள். "இது சாஃப்ட்வேரும் இல்லை, ஹார்டுவேரும் இல்லை, யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் மாற்றச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

அவள் செய்ய நினைப்பது என்ன என்று பார்ப்போம். பிராசஸரின் இயக்க மின்செலவு அதன் வேகத்தையும், வோல்டேஜின் வர்க்கத்தையும் பொறுத்தது. இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் அந்தச் செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆனால் வேலை முடிய நேரம் கூடும். வேகத்தைக் குறைத்து நிதானமாக ஓட்டுவதா, விரட்டி முடித்துவிட்டுத் தூங்க வைப்பதா? ஆழ்ந்து தூங்கினால் மின்சாரம் மிச்சம், எழுந்திருக்கத் தாமதம். லினக்ஸில் வேகத்தை சிபியூஃப்ரீக் பார்த்துக்கொள்கிறது, தூக்கத்தை சிபியூஐடில். சூட்டுக்குத் தனியாக தெர்மல் பகுதி இருக்கிறது.

அந்தத் தெர்மல் பகுதியில்தான் அவள் படிப்பு நேரடியாகக் கைகொடுக்கும். குறிப்பிட்ட வெப்பநிலை வந்தால் ஃபேன் சுற்ற வேண்டும், அதைத் தாண்டினால் வேகம் குறைய வேண்டும், அபாய அளவைத் தொட்டால் இயந்திரம் அணைய வேண்டும். இந்த வரம்புகளை ட்ரிப் பாயிண்ட் என்பார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அளவில் முடிவெடுத்தால் வேகம் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுகிறார்கள். 2015-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வந்த பவர் அலகேட்டர் என்ற முறை, கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் வரும் பிஐடி கண்ட்ரோலரைக் கொண்டே இயங்குகிறது. இலக்குக்கும் இப்போதைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. அந்தப் பாடம் எதற்கு என்று மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். இங்கே அது அப்படியே டிரைவருக்குள் உட்கார்ந்திருக்கிறது!

சரி, இப்போது அவள் செய்ய வேண்டியது. முதல் நாளே டிரைவர் எழுத உட்கார வேண்டாம். லினக்ஸ் ஓடும் கணினியில் தெர்மல் கோப்பைப் படித்தால் 45000 என்பதுபோல் ஓர் எண் வரும். அது மில்லி டிகிரி, அதாவது 45 டிகிரி செல்சியஸ். ஒரே கணக்கை பெர்ஃபாமென்ஸ், பவர்சேவ், ஸ்கெட்யூட்டில் ஆகிய மூன்று கவர்னர்களிலும் (பிராசஸர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் முறைகள்) ஓட்டி, எடுத்த நேரம், வெப்பநிலை, மின்செலவு மூன்றையும் வரைபடமாகப் போடட்டும். ஒரு முறை ஓட்டிவிட்டு முடிவு சொல்லக்கூடாது. கணினி ஆறியபின் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். அபாய வரம்பில் மட்டும் கைவைக்க வேண்டாம். அப்புறம் ஒரு சென்சாருக்குச் சின்ன டிரைவர் எழுதலாம். அதற்கு சி மொழி, லாக் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் பூட்டுவது), இன்டரப்ட் (ஹார்டுவேர் பிராசஸரை அழைக்கும் சமிக்ஞை), சிப்பின் விவரங்கள் அடங்கிய டேட்டாஷீட்டைப் படிக்கும் பொறுமை எல்லாம் வேண்டும்.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். வெப் வேலைகளின் எண்ணிக்கையோடு இதை ஒப்பிட முடியாது. சிப், ஃபோன், லேப்டாப், சர்வர், கார் எலக்ட்ரானிக்ஸ் தயாரிக்கும் இடங்களில்தான் தேட வேண்டும். முதல் வேலை பெரும்பாலும் டெஸ்டிங், வேலிடேஷன் பக்கமே வரும். அதைத் தாழ்வாக நினைத்து மறுத்துவிடாதீர்கள். அளந்து பழகியவர்கள்தான் பிறகு டிரைவர் எழுதும்போது தடுமாறுவதில்லை. நேர்முகத்தில் "இந்த இடத்தில் வேகம் ஏன் விழுந்தது?" என்று கேட்டால், தன் வரைபடத்தைக் காட்டிக் காரணம் சொல்ல அவளால் முடிய வேண்டும்.

செமஸ்டர் விடுமுறைக்குள் அந்த மூன்று கவர்னர் வரைபடத்தை முடித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரெஸ்யூமேயில் அதை எப்படி எழுதுவது என்று அவளோடு உட்கார்ந்து பேசுகிறேன்.