லேண்ட்லைனுக்குப் போற இன்டர்நெட் காலை யாராவது ஒட்டுக் கேக்க முடியுமா?

ஆபீஸ்ல நெட் போன் மாட்டியாச்சு, என்க்ரிப்ஷன், அதாவது பேச்சைப் பூட்டி அனுப்புற வசதி, இருக்குங்கிறாங்க, வெளியில சாதாரண நம்பருக்குப் பேசினாலும் பத்திரமான்னு கேட்டிருக்கீங்க. பாதி வழிக்குத்தான் பத்திரம். சர்வீஸ் கொடுக்கிறவங்க நெட்டையும் டெலிபோன் லைனையும் இணைக்கிற கேட்வே வரைக்கும்தான் அந்தப் பூட்டு, அங்க பிரிச்சு வெறும் குரலா மாத்தித்தான் டெலிபோன் லைன்ல விடுவாங்க, ஏன்னா அந்தப் பக்கம் இருக்கிற பழைய போனுக்குப் பூட்டைத் திறக்கத் தெரியாது.

ஆனா அந்த முதல் பாதியே நிறைய ஆபீஸ்ல திறந்து கிடக்குது, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். மலேசியாவுல பட்டர்வொர்த்ல ஒரு லாரி கம்பெனிக்கு வேலையா போயிருந்தேன், முதலாளி அண்ணன் நம்பவே இல்ல, சரின்னு அவர்கிட்டயும் கணக்குப் பாக்கிற அக்காகிட்டயும் கேட்டுட்டு சுவிட்ச்ல போன் டிராஃபிக்கோட காப்பி வர்ற மாதிரி செட் பண்ணி லேப்டாப்பை மாட்டி, நெட்ல போறதைப் பதிவு பண்ற வயர்ஷார்க் சாஃப்ட்வேர்ல ஒரு காலைப் பிடிச்சுப் போட்டுக் காட்டினேன். அக்கா பேங்க்காரங்ககிட்ட தன்னோட அடையாள அட்டை (ஐசி) நம்பரைச் சொல்றது கணீர்னு கேட்டுச்சு, அவங்க முகமே வாடிப்போச்சு. குரல் மட்டும் இல்ல, பட்டன்ல அழுத்துற பின் நம்பரும் அதே வழியிலதான் போகுது.

அதனால ஆபீஸ் போன்களை இணைக்கிற பிபிஎக்ஸ்ல ரெண்டு பூட்டையும் ஆன் பண்ணுங்க, காலை இணைச்சு விடுற சிப் (SIP) சிக்னலுக்கு டிஎல்எஸ், அது வழக்கமா 5061 போர்ட், குரலுக்கு எஸ்ஆர்டிபி. எஸ்ஆர்டிபி மட்டும் போட்டு டிஎல்எஸ் விட்டுட்டா பல செட்டப்ல பூட்டோட சாவியே சிக்னலுக்குள்ள வெறும் எழுத்தா போகும், யாரும் எடுத்துக்கலாம். டிரங்க், அதாவது பிபிஎக்ஸை வெளி டெலிபோனோட சேர்க்கிற இணைப்பு, கொடுக்கிறவங்களும் இந்த ரெண்டையும் சப்போர்ட் பண்றாங்களான்னு கேளுங்க, இல்லன்னா உங்க ஆபீஸ் வாசலோடயே அந்தப் பூட்டு முடிஞ்சிடும்.

இன்னொண்ணு, காசு போறது பெரும்பாலும் ஒட்டுக் கேக்கிறதால இல்ல. அதே கம்பெனில பிபிஎக்ஸோட பதிவேட்டை (log) திறந்தா 100, 101, 102ன்னு எக்ஸ்டென்ஷன் நம்பரை வெளியிலேர்ந்து எவனோ வரிசையா தட்டிக்கிட்டே இருக்கான், 101க்கு பாஸ்வேர்டும் 101தான், ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலை உள்ள புகுந்து எங்கெங்கயோ இருக்கிற கட்டணம் அதிகமான பிரீமியம் நம்பருக்குக் கூப்பிட்டுத் தள்ளிட்டான், ரெண்டாயிரம் வெள்ளிக்கு மேல பில்லு. வெளிநாட்டு காலை மூடி வைங்க, தேவைப்படுற நாட்டை மட்டும் திறங்க, பாஸ்வேர்டை நீளமா வைங்க, தப்பா தட்டுறவனைத் தானா தடுக்கிற ஃபெயில்டுபேன் போடுங்க, சிப் சிக்னல் வர்ற 5060, 5061 போர்ட்டை உங்க டிரங்க் ஐபிக்கு மட்டும் விடுங்க. போர்ட் நம்பரை மாத்துறதால மட்டும் தப்பிக்க முடியாது, தட்டுறது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வர்ற காலர் ஐடியையும் நம்பாதீங்க, அதைப் போலியா அனுப்புறது சுலபம். பேங்க்னோ போலீஸ்னோ சொன்னா கட் பண்ணிட்டு நீங்களே அவங்க நம்பரைப் பாத்து அடிங்க. பணம் போயிடுச்சுன்னா மலேசியாவுல மோசடிப் புகாருக்கான 997க்கு உடனே அடிங்க. ரொம்ப ரகசியமா பேசணும்னா ரெண்டு பக்கமும் சிக்னல் (Signal)ங்கிற மெசேஜ் ஆப் போட்டுக்கிட்டு அதுக்குள்ளயே பேசுங்க, அந்தக் கால் டெலிபோன் லைன் பக்கமே போகாது.