சென்னை மொட்டைமாடியில் ஆப்பிள் மரம் ஏன் காய்ப்பதில்லை?

காரணம் 'குளிர் மணிநேரம்'. குளிர்காலத்தில் சுமார் 7 டிகிரிக்குக் கீழே மரம் கழிக்கும் நேரத்தின் கூட்டுத்தொகை அது. காஷ்மீர், இமாசலத்துப் பழைய ரகங்கள் பலவற்றுக்குச் சுமார் 1,000 மணி நேரம் தேவை. சென்னையில் மார்கழி இரவும் 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

மரத்துக்கு இந்தக் கணக்கு எதற்கு? தை மாதத்தில் நாலு நாள் வெயில் அடித்ததும் பூத்துவிட்டால், அடுத்த பனியில் பூ அத்தனையும் கருகிவிடும். அதனால் கிளை நுனியில் மெல்லிய ரோமம் போர்த்திய மொட்டு இறுக மூடியே இருக்கும். குக்கரில் விசில் எண்ணுகிற மாதிரிதான்: மூன்று வராமல் இறக்கினால் பருப்பு வேகாது. குளிர் போதாத மொட்டும் அப்படித்தான், ஒழுங்காக விரியாது. இலை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும்.

ஆசை விடவில்லையா? சரி, 'அன்னா' போலக் குறைந்த குளிர் போதுமான ரகமாகத் தேடுங்கள். அதுவும் சென்னையைவிடப் பெங்களூரு மாதிரி ஊரில்தான் நம்பிக்கை.

வெயில் அதிகம் என்பதால்தான் காய்க்கவில்லை என்று பலர் நிழல்வலை கட்டுகிறார்கள். ஸ்ரீநகரிலும் கோடையில் 30 டிகிரியைத் தாண்டும், இங்கே இல்லாதது குளிர்காலம்.