பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் பறவைகளுக்கு என்ன நட்டம்?

மீனவர்களின் நட்டம் வெளிப்படை: படகு கடலுக்குப் போக முடியாது. பறவைகளுக்கும் அதே வாசல்தான் சோறு போடுகிறது.

கரையோர நீரோட்டம் மணலை வாரிவந்து முகத்துவாரத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் அதைத் தள்ளித் திறக்கும். கோடையில் தள்ள ஆளில்லை. வாய் அடைபட்டால் ஏரிக்குள் ஓதம், அதாவது கடலோடு சேர்ந்து நீர்மட்டம், ஏறி இறங்குவது நின்றுவிடும்.

நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிதல்லதான். ஆனால் பழவேற்காட்டுச் சேறு தட்டையானது. ஒரு சாண் தண்ணீர் வடிந்தாலே ஏக்கர் கணக்கில் மேய்ச்சல் நிலம் வெளியே தெரியும். அங்கே உப்புக்கொத்தியைக் கவனியுங்கள்: நிற்கும், பார்க்கும், நாலடி ஓடும், சட்டென்று கொத்தும். பக்கத்திலேயே மூக்கன் நீண்ட அலகை முகம் வரை சேற்றில் செருகி, நுனியை மட்டும் திறந்து, கண்ணில் படாத புழுவைத் தொட்டே கவ்வும். ஒரே சேறு, தனித்தனிப் பந்தி.

ஓதம் நின்றால் மழைக்குப் பின் தண்ணீர் வடியாது, குட்டைக்கால் பறவைகள் இறங்க முடியாது. கோடையில் உப்பேறிச் சேறு பாளம் பாளமாக வெடிக்கும். நெட்டைக்கால் பூநாரை ஓரளவு சமாளிக்கும் (கேமராக்காரர்களும் அதைத்தானே தேடுகிறார்கள்). சிக்கல் கொசு உள்ளானுக்கு. சுமார் 25 கிராம் எடையுள்ள அது ஆர்க்டிக் சைபீரியா வரை பறக்கக் கொழுப்பு சேர்ப்பது, முகத்துவாரம் குறுகும் அந்தக் கோடைத் தொடக்கத்தில்தான்.