டிக்கெட் ஏன் 'கெட்டிங்' ஆகாது? பெங்களூரு வாசகர்களின் 'கெட்' கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் 'கெட்' என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு எடுத்து வைத்துவிட்டேன். நாள் முழுக்க நம் வாயில் புழங்கும் சொல் இது. அகராதியைத் திறந்தால் இதற்குப் பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கும், ஆனால் அடியில் ஓடுவது இரண்டே எண்ணம்தான்: ஒன்று கைக்கு வருவது, இன்னொன்று ஒரு நிலைக்கு வருவது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

மேடம், 'பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட்ஸ் ஆர் நாட் கெட்டிங்' என்று ஆபீஸில் சொன்னேன். தவறு என்றார் ஒருவர். எது சரி? (அல்சூர் வாசகி)

'ஐ காண்ட் கெட் டிக்கெட்ஸ்' என்று சொல்லுங்கள். டிக்கெட் தானாக 'கெட்' ஆகாது, 'கெட்' செய்பவர் நீங்கள்.

தமிழில் 'எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை' என்கிறோம். அந்த வாக்கியத்தில் எழுவாய் டிக்கெட். நாம் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி ஓரமாக நிற்க முடியாது. யாருக்குக் கிடைத்ததோ அவர்தான் முன்னால் வந்து எழுவாயாக நிற்க வேண்டும்.

இந்தத் தவறு பெங்களூரில் வேரோடியிருப்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் 'நங்கெ டிக்கெட் சிக்லில்லா' என்பார். ஆபீஸில் இந்திக்காரர் 'முஜே டிக்கெட் நஹீ மிலா' என்பார். மூன்று மொழியிலும் 'எனக்கு' என்ற அதே அமைப்புதான். அதனால் 'நெட்வொர்க் இஸ் நாட் கெட்டிங்', 'லீவ் இஸ் நாட் கெட்டிங்' என்று யார் சொன்னாலும் இங்கே யார் காதிலும் உறுத்துவதில்லை, யாரும் திருத்துவதும் இல்லை. வெளிநாட்டு கிளையண்ட் எதிரில் பேசும்போதுதான் அவர் ஒரு நொடி விழிப்பார்.

ஒரு நுணுக்கம். 'ஐ ஆம் நாட் கெட்டிங் எனி சிக்னல்' என்பது சரி, சிக்னல் தானாக வந்து சேர வேண்டிய பொருள். ஆனால் மழையில் கோரமங்கலாவில் நின்றுகொண்டு 'ஐ ஆம் நாட் கெட்டிங் அன் ஆட்டோ' என்றால், 'நான் ஆட்டோ பிடிக்கப் போவதில்லை' என்றும் அர்த்தம் ஆகிவிடும். முயன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல 'காண்ட் கெட்', 'குடின்ட் கெட்' தான் பத்திரம்.

'மெஜஸ்டிக்கில் கெட் டவுன் ஆகிவிடுங்கள்' என்று லண்டனிலிருந்து வந்த மேனேஜரிடம் சொன்னேன், சிரித்தார். 'கெட் டவுன்' தவறா? (சிவாஜிநகர் வாசகர்)

பேருந்து, ரயிலுக்கு 'கெட் ஆஃப்'. 'கெட் ஆஃப் அட் மெஜஸ்டிக்' என்று சொல்லுங்கள்.

நாம் ஏணியிலிருந்தும் இறங்குகிறோம், பஸ்ஸிலிருந்தும் இறங்குகிறோம், காரிலிருந்தும் இறங்குகிறோம். தமிழுக்கு ஒரே சொல் போதும். ஆங்கிலம் இதை மூன்றாகப் பிரிக்கிறது. உயரத்திலிருந்து கீழே வந்தால் 'கெட் டவுன்': ஏணி, மரம், மதில். எழுந்து நின்று நடக்க இடம் உள்ள வண்டி என்றால் ஏற 'கெட் ஆன்', இறங்க 'கெட் ஆஃப்': பஸ், ரயில், மெட்ரோ, விமானம், கப்பல். உள்ளே நுழைந்ததும் உட்கார மட்டுமே இடம் இருந்தால் 'கெட் இன்', 'கெட் அவுட்': கார், டாக்ஸி, நம் ஆட்டோ. சைக்கிள், பைக், குதிரை மூன்றும் மேலே ஏறி உட்காருபவை, அதனால் அவையும் 'ஆன்', 'ஆஃப்' பக்கம்தான்.

'கெட் டவுன்' என்பதற்கு வேறு வேலைகளும் உண்டு. 'திஸ் ரெயின் கெட்ஸ் மீ டவுன்' என்றால் இந்த மழை மனதைச் சோர்ந்துபோக வைக்கிறது என்று பொருள். 'லெட்ஸ் கெட் டவுன் டு வொர்க்' என்றால் பேச்சை நிறுத்திவிட்டு வேலையில் இறங்குவோம் என்று பொருள். பாருங்கள், இங்கே நம் 'இறங்கு' கச்சிதமாகப் பொருந்துகிறது.

நமக்குள் பேசும்போது 'கெட் டவுன்' இருந்துவிட்டுப் போகட்டும். தென்னிந்தியா முழுக்கப் புரிகிற சொல், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெளி ஆட்களிடம் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

'ஐ பெயின்ட்டட் மை ஹவுஸ்' என்றேன். 'நீங்களேவா அடித்தீர்கள்?' என்று கேட்டார்கள். நான் ஆள் வைத்து அடித்தேன். இதை எப்படிச் சொல்வது? (ஈஜிபுரா வாசகர்)

இது அருமையான கேள்வி, பலர் கேட்கத் தயங்குவது. 'ஐ காட் மை ஹவுஸ் பெயின்ட்டட்' என்று சொல்ல வேண்டும்.

தமிழில் 'வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தேன்', 'முடி வெட்டினேன்', 'ஓசூரில் வீடு கட்டினேன்' என்றால், செய்தது கூலியாள் என்று கேட்பவருக்கே தெரியும். ஆங்கிலம் அதை யூகத்துக்கு விடாது. முதலில் 'கெட்'டின் இறந்தகால வடிவமான 'காட்', அடுத்து பொருள், அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம்: 'ஐ காட் மை ஹேர் கட்', 'ஐ காட் தி பைக் சர்வீஸ்டு', 'ஐ காட் மை ஆதார் அப்டேட்டட்'.

செய்த ஆளையும் சொல்ல வேண்டுமா? அப்போது நடுவில் 'டு' வேண்டும்: 'ஐ காட் தி பிளம்பர் டு ஃபிக்ஸ் தி டேப்'. இந்த 'டு'வைத்தான் நாம் அடிக்கடி விழுங்கிவிடுகிறோம். 'மேட்', 'ஹேட்' போட்டால் 'டு' வராது: 'ஐ ஹேட் தி பிளம்பர் ஃபிக்ஸ் தி டேப்'. 'மேட்' போட்டால் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தது போல ஒலிக்கும். 'காட்' போட்டால் கேட்டு, பேசிச் சம்மதிக்க வைத்தது தெரியும். பிளம்பரை ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தவர்களுக்கு 'காட்' தான் பொருத்தம்.

'ஐ காட் டு மீட் ஹர்', 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹர்': இரண்டும் ஒன்றா? (விவேக் நகர் வாசகி)

ஒன்றே இல்லை. முதலாவது 'அவரைச் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது', நடந்து முடிந்தது, மகிழ்ச்சியானது. இரண்டாவது 'அவரைச் சந்தித்தே ஆக வேண்டும்', இனிமேல் நடக்க வேண்டிய கட்டாயம். பேச்சில் 'ஐ ஹேவ்' சுருங்கி 'ஐவ்' ஆகி, அந்த 'வ்' காதில் விழாமலே போகும். இன்னும் வேகமாகப் பேசினால் மொத்தமும் 'காட்டா' ஆகிவிடும். அமெரிக்க கிளையண்டோடு போனில் பேசும்போது குழம்பினால், தயங்காமல் திரும்பக் கேளுங்கள். கட்டாயத்தை இறந்தகாலத்தில் சொல்ல 'ஹேட் டு' மட்டும்தான்: 'ஐ ஹேட் டு மீட் ஹர்'.

'காட் டென்ஸ்டு', 'காட் லேட்', 'காட் ஓவர்': சரியா? (ஸ்ரீராமபுரம் வாசகர்)

'டென்ஸ்' தான் உரிச்சொல், அதனால் 'காட் டென்ஸ்'. தாமதமாக வந்ததற்கு 'ஐ வாஸ் லேட்', சில்க் போர்டு நெரிசலில் மாட்டியிருந்தால் 'ஐ காட் டிலேய்டு'. நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு 'இட்ஸ் கெட்டிங் லேட்' சரியே. பரீட்சை 'இஸ் ஓவர்', பால் தீர்ந்தால் 'வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்'.

இதோடு கல்யாணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 'காட் மேரீட்' என்பது அந்த ஒரு நாள் நிகழ்வு, 'ஆர் மேரீட்' என்பது தொடரும் நிலை. 'வீ ஹேவ் பீன் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்' என்று சொல்லுங்கள். யாரோடு கல்யாணம் என்று சொல்ல 'மேரீட் டு' தான், 'மேரீட் வித்' அல்ல.

என் மகளின் டீச்சர், கட்டுரையில் 'கெட்' எழுதவே கூடாது என்கிறார். அவ்வளவு மட்டமான சொல்லா? (ஃபிரேசர் டவுன் வாசகி)

மட்டமான சொல் இல்லவே இல்லை. இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து, சுமார் 800 ஆண்டுகளாக ஆங்கிலத்தில் இருக்கிறது. 'டேக்', 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' ஆகியவையும் அதே வழியாக வந்தவைதான்.

டீச்சர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. ஒரே பத்தியில் 'கெட்' நிறைய வந்தால் எழுத்து தட்டையாகிவிடும். கடிதம் கிடைத்தால் 'ரிசீவ்', அனுமதி பெற்றால் 'அப்டெய்ன்', இருட்டினால் 'பிகேம் டார்க்' என்று குழந்தை பழகட்டும். ஆனால் 'கெட் அப்', 'கெட் வெல் சூன்' ஆகியவற்றை மாற்றப் போனால் வாக்கியம் விறைத்துப்போகும். பேசும்போது இதைத் தவிர்க்கச் சொல்லிக் கொடுத்தால், குழந்தை பேசவே தயங்கும். அது எனக்குச் சம்மதமில்லை.

அமெரிக்க கிளையண்ட் 'கெட்'டின் மூன்றாம் வடிவத்தை 'காட்டன்' என்று எழுதுகிறார். நாங்கள் பள்ளியில் 'கெட், காட், காட்' என்றுதான் படித்தோம். (பெல்லந்தூர் வாசகர்)

இரண்டும் சரி. 'காட்டன்' ஆங்கிலத்தில் முன்பிருந்தே உள்ள பழைய வடிவம். பிரிட்டனில் அது பெரும்பாலும் வழக்கொழிந்து 'காட்' மட்டும் நின்றது, அமெரிக்காவில் தொடர்ந்தது. 'ஃபர்காட்டன்' என்பதில் அது இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது.

அமெரிக்கர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு பொருளைப் பிரிக்கிறார்கள். 'ஐவ் காட் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது. 'ஐவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கியிருக்கிறேன். அதனால் அந்த கிளையண்ட் 'வீவ் காட்டன் தி அப்ரூவல்' என்று எழுதினால், இப்போதுதான் ஒப்புதல் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். நீங்கள் பதில் எழுதும்போது 'காட்' போட்டாலும் அவருக்குப் புரியும், ஆனால் ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.