1740 பாரிஸ் பாலே காட்சி: விரல்நுனியையும் இருட்டையும் எடுத்துவிடுங்கள்

1740 பாரிஸில் நடப்பதாக நீங்கள் எழுதி அனுப்பிய நாவலின் பாலே நடனக் காட்சியில் ஒட்டாமல் நிற்பவை இரண்டு: நாயகி கால்விரல் நுனியில் சுழல்வதும், பார்வையாளர்கள் இருட்டில் உட்கார்ந்திருப்பதும். 1740இல் பாரிஸ் ஓப்பராவில் இரண்டுமே கிடையாது.

பாலே நடனப் பெண்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் தெகாவின் ஓவியங்கள் மனதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவை நூறு ஆண்டுக்கும் மேல் பிந்தியவை. விரல்நுனி நடனம் நிலைபெற்றதே நடனக் கலைஞர் மரீ தாக்லியோனி 1832இல் ‘லா சில்ஃபீட்’ என்ற பாலேயை ஆடிய பிறகுதான். உங்கள் நாயகிக்கு இடுப்பில் வளையக்கூடு வைத்த கனமான பாவாடை. அக்கால பாரிஸ் ஓப்பரா நடனக் கலைஞர் மரீ கமார்கோ அதைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, பாதம் தெரிய ஆடியதே அன்று பெரிய பேச்சு. அதனால் கண்ணைப் பாத வேலைப்பாட்டிலும் கை அசைவிலும் வையுங்கள்.

அப்புறம் வெளிச்சம். சரவிளக்குகளில் மெழுகுவத்திகள் கடைசிவரை எரிந்தன. மேடையைப் போலவே எதிர் மாடத்தில் இருப்பவர்களும் தெரிவார்கள். நாயகி தன்னைப் பார்க்கும் முகங்களைத் தானும் பார்க்கிறாள். இது எவ்வளவு அருமையான வாய்ப்பு, விட்டுவிடாதீர்கள்!

அந்தக் கால அரங்கம் எப்படி இருந்தது என்று காண, ஒன்று செய்து பாருங்கள். ஸ்வீடனின் ட்ரோட்னிங்ஹோம் அரண்மனை அரங்கம் 1766இல் திறந்தது. அதன் பழைய மேடை இயந்திரங்கள் இன்றும் இயங்குகின்றன. அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியின் காணொளியைப் பார்த்துவிட்டு, உங்கள் காட்சியை மறுபடி எழுதுங்கள்.

கதையை லண்டனுக்கு மாற்றினால் மட்டும் உடையைத் திரும்ப யோசிக்க வேண்டும். 1734இல் லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் பிரெஞ்சு நடனக் கலைஞர் மரீ சாலே ‘பிக்மாலியன்’ என்ற பாலேயை ஆடியபோது வளையக்கூடு இல்லை. மெல்லிய மஸ்லின் உடை, அவிழ்த்துவிட்ட கூந்தல்.